கேம் ஸ்டுடியோவில் வேலை பார்ப்பவர்களே, உள்ளே சூழல் எப்படி இருக்கும்?

நான் கேம் டெஸ்டர். ஸ்டுடியோவின் பெயர் வேண்டாம். "நாள் முழுக்க கேம் விளையாடவா சம்பளம்?" என்று கேட்பவர்கள் அதிகம் என்பதால், முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் புது பில்டு, அதாவது உருவாகிக்கொண்டிருக்கும் கேமின் புதுப் பதிப்பு, வரும். அதில் ஒரு கதவு. கத்தியை உருவிக்கொண்டே அதைத் திறந்தால் கேம் ஹேங் ஆகிறது. அதுவும் எல்லாத் தடவையும் இல்லை, எப்போதாவது. அந்த 'எப்போதாவது' எப்போது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. கத்தியை முதலில் உருவினால்? ஓடிவந்து திறந்தால்? சேவ் செய்த இடத்திலிருந்து தொடங்கினால்? ராத்திரி வரைக்கும் அதே கதவு. கடைசியில் பிடிபட்டதும் ஒவ்வொரு படியாக எழுதி, வீடியோவோடு பதிவு செய்வேன். மறுநாள் மீட்டிங்கில் "இப்போது நேரமில்லை" என்று அதை ஒதுக்கிவிடுவார்கள். கேம் வெளிவந்து, வாங்கியவர்கள் அதே கதவைக் காட்டித் திட்டும்போது, டெஸ்டர்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வி எங்கள் மேல்தான் விழும். எனக்கு அதிகம் வலிப்பது இதுதான்.

அடுத்தது கிரஞ்ச். வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது வரும் அளவுமீறிய வேலை. "இருந்துவிட்டுப் போ" என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. லீட் கிளம்ப மாட்டார். பக்கத்து சீட்காரரும் கிளம்ப மாட்டார். பையை எடுக்க நமக்கும் கை வராது. கேம் மேல் ஆசைப்பட்டு வந்தவர்கள்தானே எல்லோரும், அந்த ஆசையை வைத்தே வேலை வாங்கிவிடுகிறார்கள்.

இது நேற்று முளைத்த பிரச்சினை இல்லை. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனத்தின் ஊழியர் ஒருவரின் இணையர் 2004-ல் பெயர் போடாமல் எழுதிய கடிதம் பெரிய புயலைக் கிளப்பியது. ஓவர்டைம் வழக்குகளில் அந்த நிறுவனம் ஓவியர்களுக்கு 1.56 கோடி டாலரும் புரோகிராமர்களுக்கு 1.49 கோடி டாலரும் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆனாலும் கட்டாய கிரஞ்சைத் தவிர்ப்போம் என்று 2019-ல் சொன்ன சிடி புராஜெக்ட் ரெட் ஸ்டுடியோ, சைபர்பங்க் 2077 என்ற கேமுக்காக 2020 செப்டம்பரில் வாரம் ஆறு நாள் வேலையைக் கட்டாயமாக்கியது. அப்படி உழைத்தும் அந்த டிசம்பரில் கேம் பக் (பிழை) குவியலோடு வந்தது; சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்தே சில மாதங்கள் எடுத்துவிட்டது. களைத்த கண்ணுக்குக் கதவும் தெரியாது, பக்கும் தெரியாது.

டெஸ்டர்களில் பலர் ஒப்பந்த ஊழியர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ரேவன் சாஃப்ட்வேர் என்ற கேம் ஸ்டுடியோவில் 2021 டிசம்பரில் 12 டெஸ்டர்களுக்கு வேலை முடிகிறது என்று சொன்னபோது, சக டெஸ்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022 மே மாதம் 19-க்கு 3 என்ற வாக்கில் சங்கமும் அமைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் டீமில் வேறு பேச்சே இல்லை.

இவ்வளவுக்கும் நடுவில் நான் ஏன் இருக்கிறேன்? கூட வேலை செய்பவர்கள் அப்படி. ஒரு நிழல் சரியாக விழவில்லை என்று அனிமேட்டரும் புரோகிராமரும் என் ஸ்கிரீன் முன்னால் மணிக்கணக்கில் நின்று வாதாடுவார்கள். அந்த அக்கறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இண்டர்வியூவுக்குப் போகிறீர்கள் என்றால், கடைசி கேமின் கடைசி இரண்டு மாதம் எப்படிப் போனது, ஓவர்டைமுக்குப் பணம் உண்டா என்று நேராகக் கேளுங்கள். பாதியில் விலகியவர்களின் பெயர் க்ரெடிட்ஸில் வருமா என்பதையும் கேளுங்கள். பல இடங்களில் வராது.