எழுத்தாளரைப் பற்றி நினைத்திருந்ததும் எழுத வந்தபின் தெரிவதும்: கேள்வி பதில்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் புதிதாக எழுத வந்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர் சிறுகதை எழுதுபவர், மெய்ப்பும் திருத்துபவர்.

உச்சிப்புளி: அண்ணே, எழுத்தாளர்னா மனசுல தோணுனதும் உட்கார்ந்து ஒரே மூச்சுல எழுதிடுவாங்கன்னு நினைச்சிருந்தேன். என் கதை நாலாம் பக்கத்துலயே நின்னுடுச்சு. எனக்கு எழுத்து வராதா?

நாலாம் பக்கத்தில் நிற்பது ரொம்ப சகஜம். மனதில் இருந்த முதல் காட்சி தீர்ந்திருக்கும், அடுத்தது முடிவாகியிருக்காது. தனித்தாளில் மூன்று வரி எழுதுங்கள்: இவனுக்கு என்ன வேண்டும், தடுப்பது யார், கடைசியில் கிடைத்ததா. பிறகு விட்ட இடத்திலிருந்து கரடுமுரடாகவே முடித்துவிடுங்கள். இரண்டு வாரம் தொடாதீர்கள். அப்புறம் அச்செடுத்து வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை உடையுங்கள். முதல் பத்தியை விரலால் மறைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது, வெட்டிவிடலாம். வாசகர் கண்ணுக்குத் தெரியும் அந்த 'ஒரே மூச்சு' மூன்றாவது, நான்காவது திருத்தத்தில் செய்யப்படுவது.

கீழக்கரை: புத்தகம் வந்துட்டா ஓரளவு வருமானம் வரும்னு வீட்ல நம்புறாங்க.

கணக்கைக் காட்டிவிடுங்கள். வழக்கமான புத்தக அளவான டெம்மியில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 200 வார்த்தை. 16 பக்கம் ஒரு ஃபாரம். 160 பக்கப் புத்தகத்துக்கு 10 ஃபாரம், அதாவது 32,000 வார்த்தை எழுத வேண்டும். விலை 200 ரூபாய், எழுத்தாளர் பங்கான ராயல்டி வழக்கமான 10 சதவீதம் என்றால் படிக்கு 20 ரூபாய். 500 படி விற்றால் 10,000. அந்த 500 விற்க வருடங்கள் ஆகலாம்.

உங்கள் ஊர்க்காரருக்குத் தெரியாததல்ல. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவருக்கே கீழக்கரை வள்ளல் சீதக்காதி வேண்டியிருந்தது. சீதக்காதி மறைந்தபின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரித்துத்தான் காவியம் தொடர்ந்தது. இன்று பல பதிப்பகங்கள் எதிர்பார்ப்பது அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணையை.

ஒரு எச்சரிக்கை: உங்களிடம் பணம் கேட்பவர் பதிப்பாளர் அல்ல, அச்சுக்கூலி வாங்குபவர். காசு கொடுத்துத்தான் போடுவேன் என்றால், எத்தனை படி, விற்காத கட்டு யாரிடம் இருக்கும், அச்சுக்கோப்பு யாருக்குச் சொந்தம் என்று எழுதி வாங்குங்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தியாவில் ராஜாராம் மோகன்ராய் முகமை அதை இலவசமாகத் தருகிறது.

தேவிபட்டினம்: காலையில் எழுதுவது நல்லதா, இரவிலா?

வீட்டில் சத்தம் அடங்கும் நேரம்.

மண்டபம்: பெரிய எழுத்தாளர்கள் நம்ம கதையைத் திருடிடுவாங்களாமே சார்?

கரு யாருக்கும் சொந்தமில்லை; எழுதிய வடிவத்துக்குத்தான் பதிப்புரிமை. அது எழுதியவுடனே வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. தேதி தெரிய உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். புதியவர் இழப்பது பெரும்பாலும் திருட்டில் அல்ல, படிக்காமல் போடும் கையெழுத்தில். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும். 'எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும்' என்ற வரி இருந்தால் அடித்துவிட்டுப் பேசுங்கள்.

தொண்டி: எழுத்தாளர்னா பார்த்த வாழ்க்கையை அப்படியே எழுதுறவங்கன்னுதான் நினைச்சிருந்தேன். கடலுக்கே போகாதவங்க கடல் கதை எழுதுறாங்களே, அதெப்படி?

எழுதலாம், சரிபார்த்தால். சரிபார்க்காததால் வரும் பிழைகள் எங்கே இருக்கும் என்று சொல்கிறேன். உங்கள் தொண்டிக் கரை கிழக்கே பார்த்தது. அங்கே சூரியனைக் கடலில் மறைய வைக்கிறார்கள். விசைப்படகை மே மாதம் தொழிலுக்கு அனுப்புகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், நாட்டுப்படகுதான் போகும். 1970இல் நடக்கும் கதையில் நாயகன் தனுஷ்கோடிக்கு ரயில் ஏறுகிறான். அந்தத் தண்டவாளம் 1964 டிசம்பர் புயலோடு போயிற்று. பாசி எடுக்கும் பெண் விரலில் துணி சுற்றாமல் வெறுங்கையால் பாறையைச் சுரண்டுகிறாள். போதாக்குறைக்கு எந்த மாதமானாலும் 'அலைகள் சீறின' என்று வேறு. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், அங்கே ஆளுயர அலை வருஷம் முழுக்க அடிக்காது.

பாம்பன்: அண்ணே, இதை ஒத்துக்க மாட்டேன். வாடையில வடகடல், அதான் பாக் நீரிணைப் பக்கம், எப்படி இருக்கும்னு வந்து பாருங்க. வள்ளத்தை மன்னார் வளைகுடாப் பக்கம், தென்கடலுக்கு மாத்திக் கட்டுறது எதுக்காம்?

தொண்டி: எங்க பக்கம் அலை இல்லைன்னுதான் அண்ணே சொல்றாங்க, சரிதானே!

பாம்பன்: தொண்டிக்குத் தென்கடல் இருக்கா? ரெண்டையும் பார்த்தவன் சொல்றேன்.

'வருஷம் முழுக்க' என்றுதான் சொன்னேன், தம்பி. நீங்கள் சொல்வது மாதக் கணக்கு, அதுதான் கதைக்கு வேண்டியதும். ஐப்பசி கார்த்திகை வாடைக்காற்றில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் பதுங்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தலைகீழ். ஆகவே காற்றின் பெயரை எழுதும்முன் மாதத்தையும் எந்தக் கரை என்பதையும் முடிவு செய்யுங்கள். எழுதிய காட்சியை அந்தத் தொழில் செய்யும் இரண்டு பேரிடம், தனித்தனியாக, படித்துக் காட்டுங்கள். சேர்த்து உட்கார வைத்தால் மூத்தவர் சொல்வதற்கு மற்றவர் தலையாட்டுவார். 'நல்லாருக்கா' என்று கேட்காதீர்கள், 'எது தப்பு' என்று கேளுங்கள்.

ஏர்வாடி: அப்ப மீனவர் வீட்டுப் பிள்ளை எழுதினா இதெல்லாம் தேவையில்லையே?

தேவைதான். தன் கரை தெரிந்தவருக்கு அடுத்த கரையின் வலைப்பெயர் தெரியாது. தெரிந்ததை விளக்காமல் விட்டுவிடுவது அவர்களுடைய பிழை, தெரியாததை அளந்துவிடுவது மற்றவர்களுடையது. பாம்பனும் தொண்டியும் இனி தேநீர்க் கடையில் தொடரட்டும்.

சாயல்குடி: வட்டார வழக்கில் எழுதினால்தான் எழுத்தாளர் என்று மதிப்பார்களா?

இல்லை. வழக்கு உரையாடலில் இருந்தால் போதும். எழுத்துக்கூட்டலுக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: 'போறாக' என்று ஓரிடத்திலும் 'போறாஹ' என்று வேறிடத்திலும் வந்தால் மெய்ப்புத் திருத்துபவர் இரண்டையும் 'போகிறார்கள்' ஆக்கிவிடுவார்.

ராமேஸ்வரம்: காலையில் எழுதலாமா அல்லது...

தேவிபட்டினத்துக்குச் சொல்லியாயிற்று.

பெரியபட்டினம்: வெண்பாவில் தளை தட்டுது, பார்த்துச் சொல்றீங்களா?

யாப்பு என் வேலை அல்ல. பள்ளித் தமிழாசிரியர் யாரிடமாவது காட்டுங்கள்.

வாலிநோக்கம்: மெய்ப்புப் பார்ப்பது பதிப்பகத்தின் வேலைதானே? எழுத்தாளர் எதற்கு?

இதுவும் பழைய நினைப்பு. யூனிகோடில் தந்த கோப்பை வடிவமைப்பாளர் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் பிரியும், மேற்கோள் குறி வேறு எழுத்தாகும். மூன்று முறை பாருங்கள். முதல் முறை கைப்பிரதியோடு வரிக்கு வரி. இரண்டாவது, நீங்கள் திருத்தியவை திருத்தப்பட்டனவா என்று மட்டும். மூன்றாவது தலைப்பு, பக்க எண், பொருளடக்கம், பின்னட்டை. அட்டையில் உங்கள் பெயரையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். அங்கேதான் யாரும் பார்ப்பதில்லை.

திருப்பாலைக்குடி: 40,000 ரூபாய் கட்டினா புத்தகம் போட்டு விருதும் வாங்கித் தர்றதா சொல்றாங்க சார், கட்டலாமா?

கீழக்கரைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். விருதுக்கும் ரசீது கேளுங்கள்.