சிஐஏவும் அமெரிக்க காங்கிரஸும் தினமும் எப்படிப் பேசிக்கொள்கின்றன?

கேள்வி இது: "சிஐஏ மாதிரி ஓர் உளவு அமைப்பு, தன்னைக் கேள்வி கேட்கும் அதிகாரம் உள்ள செனட்டர்களோடும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களோடும் அன்றாடம் எப்படிப் பழகுகிறது? விசாரணை வரும்போது மட்டும்தான் பேசிக்கொள்வார்களா?"

இல்லை. டிவியில் நாம் பார்க்கும் விசாரணையெல்லாம் வருடத்தில் ஏதோ சில நாள். மீதி நாட்களில்தான் அந்த உறவு நடக்கிறது. அதில் பெரும்பகுதி தொலைபேசி அழைப்புகளும், அழைப்பு முடிந்ததும் எழுதி வைக்கும் இரண்டு வரிக் குறிப்புகளும்தான்.

இது எனக்குத் தெரிய வந்த வழியைச் சொல்கிறேன். சிஐஏ தன் பழைய ஆவணங்களில் ரகசியம் நீக்கியவற்றை 2017 ஜனவரியில் இணையத்தில் வெளியிட்டது. 1 கோடியே 20 லட்சம் பக்கங்களுக்கு மேல் இருக்கும். அதுவரை அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் மேரிலாந்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போய், அங்கே வைத்திருந்த நான்கு கணினிகளில் ஒன்றின் முன் உட்கார வேண்டும். இணையத்தில் வந்த பிறகு நான் வேறு எதையோ தேடப் போய், 'ஜர்னல், ஆஃபீஸ் ஆஃப் லெஜிஸ்லேட்டிவ் கவுன்சல்' என்று தலைப்பிட்ட பக்கங்களில் மாட்டிக்கொண்டேன். காங்கிரஸோடு பேசுவதற்கென்றே சிஐஏவில் இருந்த அலுவலகத்தின் நாட்குறிப்பு அது. இன்று அந்த வேலையைச் செய்வது காங்கிரஸ் விவகார அலுவலகம்.

ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்றால், மேலே கிழமையும் தேதியும். கீழே 1, 2, 3 என்று வரிசையாகப் பத்திகள். ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் அது எந்த அளவு ரகசியம் என்பதும், எழுதியவரின் இனிஷியலும். சில பெயர்கள் இருந்த இடம் வெறும் வெள்ளையாக இருக்கும். எல்லாம் தட்டச்சு. உள்ளே இருப்பவை பெரும்பாலும் சாதாரணச் சங்கதிகள். குழுவின் உதவியாளர் கூப்பிட்டு, இயக்குநர் எந்த நாளில் வர முடியும் என்று கேட்கிறார். ஓர் உறுப்பினர் வெளிநாடு கிளம்புகிறார், போவதற்கு முன் அந்த நாட்டைப் பற்றி யாராவது வந்து விளக்க வேண்டும். ஒருவருடைய தொகுதிக்காரர் சிஐஏவில் வேலைக்கு மனுப் போட்டுப் பதில் வராமல் காத்திருக்கிறார். ஏதோ ஒரு மசோதாவின் பிரிவு சிஐஏ ஊழியர்களின் ஓய்வூதியத்தைத் தொடுகிறது, அதை மாற்ற முடியுமா என்று பேச வேண்டும். இப்படிப் பக்கம் பக்கமாக.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு ஈடுபாடு என்றால், நான் வேலையில் கூட்டக் குறிப்பு எழுதும் ஆள். ஒருமுறை ஒருவர் ஒரு முடிவுக்குத் தெளிவாக ஆட்சேபம் சொன்னார். நேரம் ஆகிவிட்டது, நான் எழுதாமல் விட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து அதே முடிவு சிக்கலானபோது எல்லோரும் என் குறிப்பைத்தான் திறந்தார்கள். அவர் ஆட்சேபித்ததற்கு எந்தத் தடயமும் இல்லை. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அப்புறம்தான் புரிந்தது, குறிப்பு யார் கையில் இருக்கிறதோ, என்ன நடந்தது என்பதும் அவர் கையில்தான் இருக்கிறது. சிஐஏ, காங்கிரஸ் உறவின் கதையும் என் பார்வையில் இதுதான்.

சிஐஏ 1947இல் தொடங்கியது. வால்டர் ஃபோர்ட்ஸைமர் என்ற வழக்கறிஞர்தான் அதன் முதல் சட்டமன்ற ஆலோசகர். அந்தக் காலத்தில் தனி உளவுக் குழு எதுவும் காங்கிரஸில் கிடையாது. ராணுவக் குழு, நிதி ஒதுக்கீட்டுக் குழு இவற்றின் மூத்த தலைவர்கள் நாலைந்து பேர், ரிச்சர்ட் ரஸல், கார்ல் வின்சன் போன்றவர்கள், எப்போதாவது இயக்குநரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். பணம் ஒதுக்குவார்கள். அதோடு சரி. 1956இல் செனட்டர் மைக் மான்ஸ்ஃபீல்ட் ஒரு கூட்டுக் கண்காணிப்புக் குழு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அந்த விவாதத்தில் செனட்டர் சால்டன்ஸ்டால் சொன்ன ஒன்று முக்கியம். சிஐஏ சொல்லத் தயங்கவில்லை, கேட்கத் தயங்குவது நாங்கள்தான், சில விஷயங்கள் எனக்குத் தெரியாமல் இருப்பதே மேல் என்ற பொருளில் பேசினார். தீர்மானம் 59க்கு 27 என்று தோற்றது. கேட்க வேண்டியவரே காதைப் பொத்திக்கொண்டால் குறிப்பில் என்ன இருக்கப் போகிறது?

இந்த ஏற்பாடு உடைந்தது 1974 டிசம்பரில். சிஐஏ உள்நாட்டில் அமெரிக்கர்களையே வேவு பார்த்ததைச் சீமோர் ஹெர்ஷ் நியூயார்க் டைம்ஸில் 22ஆம் தேதி எழுதினார். அதே மாதம் ஹியூஸ்-ரையன் திருத்தம் சட்டமானது. ரகசிய நடவடிக்கை எதுவாக இருந்தாலும், அது நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்று ஜனாதிபதியே முடிவு செய்து, காங்கிரஸ் குழுக்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும் என்றது அது. அந்த முடிவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஃபைண்டிங்'. 1975இல் சிஐஏவை விசாரிக்க செனட்டில் சர்ச் குழு, பிரதிநிதிகள் சபையில் பைக் குழு. அப்போதைய சிஐஏ இயக்குநர் வில்லியம் கோல்பி சாட்சி சொன்ன விசாரணையில் விஷ ஊசி எய்யும் துப்பாக்கியைக் குழுத் தலைவர் ஃப்ராங்க் சர்ச் தூக்கிக் காட்டிய படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அதன் பிறகு செனட்டில் 1976 மே மாதமும், பிரதிநிதிகள் சபையில் 1977 ஜூலையிலும் நிரந்தர உளவுக் குழுக்கள் வந்தன. 1980இல் சட்டம் ஒரு சொற்றொடரை நிலைநாட்டியது: இந்த இரண்டு குழுக்களுக்கும் "முழுமையாகவும் உடனுக்குடனும்" தகவல் தெரிவிக்க வேண்டும்.

இப்போது அன்றாட நடைமுறைக்கு வருவோம். உறுப்பினர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதால் அவர்களுக்கு ரகசியத் தகுதிச் சோதனை கிடையாது. ஆனால் அவர்களுடைய குழு உதவியாளர்களுக்கு உண்டு. உண்மையில் தினமும் பேசிக்கொள்வது இந்த உதவியாளர்களும் சிஐஏவின் தொடர்பு அதிகாரிகளும்தான். முக்கியமான ஏதாவது நடந்தால் குழுவுக்கு எழுத்தில் ஓர் அறிவிப்பு போகும். வாஷிங்டனில் செனட் அலுவலகங்கள் உள்ள ஹார்ட் கட்டிடத்தில் 219ஆம் எண் அறைதான் செனட் குழுவின் இடம். வாசலில் காவல் உண்டு. ரகசியக் காகிதத்தை அங்கேயே படித்து அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும். எடுத்த குறிப்பும் வெளியே வராது. விளக்கக் கூட்டத்துக்கு வரும் நிபுணரோடு தொடர்பு அதிகாரி ஒருவரும் வருவார். யார் என்ன கேட்டார், என்ன பதில் போனது, எதற்குப் பிறகு எழுத்தில் பதில் தருவதாக ஒப்புக்கொண்டோம் என்று அவர் எழுதிக்கொள்வார். நல்ல தொடர்பு அதிகாரி, கேட்ட கேள்விக்கு நாளை வரப்போகும் அடுத்த கேள்வியையும் யோசித்து வைப்பவர். தன் அமைப்புக்குள்ளேயே போய், "இதைச் சொல்லிவிடுங்கள், பின்னால் பத்திரிகையில் படித்தால் இன்னும் மோசமாகும்" என்று சண்டை போடுபவர். இந்த வேலையின் கடினமான பாதி சிஐஏ தலைமையகம் இருக்கும் லாங்லிக்குள்ளேதான் இருக்கிறது.

சரி, எல்லாவற்றையும் எழுதுகிறார்களே, அப்புறம் ஏன் தகராறு? "சொன்னோம்" என்பதும் "புரியும்படி சொன்னோம்" என்பதும் ஒன்றல்ல.

1984ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நிகராகுவா துறைமுகங்களில் கண்ணிவெடி போட்டதில் சிஐஏவின் கை இருந்தது. இயக்குநர் வில்லியம் கேஸி செனட் குழுவில் நீண்ட நேரம் பேசிய கூட்டத்தில் கண்ணிவெடியைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் வந்து போனது. செய்தி வெளியானதும் சிஐஏ சொன்னது, "தெரிவித்தோமே." குழுத் தலைவர் பேரி கோல்ட்வாட்டர் சிஐஏவின் நண்பர். அவரே ஏப்ரல் 9ஆம் தேதி கேஸிக்குக் கோபத்தைத் துளியும் மறைக்காத ஒரு கடிதம் எழுதினார். துணைத் தலைவர் மொய்னிஹன் பதவி விலகுவதாக அறிவித்தார். கேஸி மன்னிப்புக் கேட்ட பிறகுதான் அவர் தொடர்ந்தார். பேச்சுக் குறிப்பைத் திறந்து பார்த்தால் அந்த வாக்கியம் இருக்கும். சட்டப்படி சிஐஏ சொன்னதும் பொய்யில்லை. ஆனால் அது நேர்மையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்பவர் கவனிக்காமல் கடந்து போகும்படி சொல்வது, சொல்லாமல் விடுவதற்குப் பக்கத்து வீடு.

சொல்லாமலே விட்டதும் நடந்தது. ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில் ரீகன் 1986 ஜனவரி 17ஆம் தேதி கையெழுத்திட்ட ஃபைண்டிங், காங்கிரஸுக்குச் சொல்ல வேண்டாம் என்ற உத்தரவோடு வந்தது. நவம்பரில் லெபனான் பத்திரிகை ஒன்று வெளியிட்ட பிறகுதான் குழுக்களுக்கே தெரிந்தது. 1991இல் சட்டத்தை இறுக்கினார்கள். ஃபைண்டிங் எழுத்தில் இருக்க வேண்டும், நடந்து முடிந்ததற்குப் பின்தேதியிட்டு அனுமதி தரக் கூடாது.

மிகவும் ரகசியமானது என்றால் முழுக் குழுவுக்கும் சொல்லாமல் எட்டுப் பேருக்கு மட்டும் சொல்ல சட்டம் வழி விட்டிருக்கிறது. இரு அவைகளிலும் இரு கட்சித் தலைவர்கள், இரு உளவுக் குழுக்களின் தலைவரும் எதிர்த்தரப்பு மூத்தவரும். 'கேங் ஆஃப் எய்ட்' என்பார்கள். இதில் எனக்கு உறுத்துவது, அவர்கள் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதுதான். உதவியாளர் கிடையாது, யாரிடமும் கலந்து பேச முடியாது. 2003 ஜூலை 17ஆம் தேதி, செனட் உளவுக் குழுவின் அப்போதைய துணைத் தலைவர் ஜே ராக்ஃபெல்லர் துணை ஜனாதிபதி டிக் செய்னிக்கு எழுதிய கடிதத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அது சிஐஏ இல்லை, தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏவின் ஒட்டுக்கேட்புத் திட்டத்தைப் பற்றியது, ஆனால் நிலைமை ஒன்றுதான். விளக்கக் கூட்டம் முடிந்து வந்து, தன் கையாலேயே எழுதினார், தட்டச்சு செய்யக்கூட யாரையும் கூப்பிட முடியாது என்பதால். தான் தொழில்நுட்பம் தெரிந்தவரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை, உதவியாளர்களையும் கேட்க முடியாத நிலையில் இதற்கு ஒப்புதல் சொல்ல முடியவில்லை என்று அதில் இருக்கிறது. ஒரு நகலை உறையிட்டு மூடி, குழுவின் பாதுகாப்பான இடத்தில் வைத்தார். 2005 டிசம்பரில் திட்டம் வெளியே வந்தபோது அந்த நகல்தான் அவர் அன்றே கவலைப்பட்டதற்குச் சான்று.

இதைவிட எனக்குப் பிடித்தது பாப் கிரஹாமின் நோட்டுகள். செனட் குழுத் தலைவராக இருந்தவர். சட்டைப்பையில் அடங்கும் சுருள் நோட்டில் அன்றாடம் எங்கே போனேன், யாரைப் பார்த்தேன் என்று சின்னச் சின்ன விவரம் வரை எழுதி வைப்பார். அரசியலில் அவரை அதற்காகக் கேலி செய்தவர்கள் பலர். 2009 மே மாதம், கைதிகளிடம் கையாண்ட கடுமையான விசாரணை முறைகளைப் பற்றி யார் யாருக்கு எப்போது விளக்கினோம் என்று சிஐஏ ஒரு பட்டியல் கொடுத்தது. கிரஹாமுக்கு 2002இல் நான்கு தேதிகளில் விளக்கியதாக அவரிடம் சொன்னார்கள். அவர் நோட்டுகளை எடுத்துப் பார்த்தார். மூன்று தேதிகளில் அப்படி ஒரு கூட்டமே நடக்கவில்லை. சிஐஏவும் அதை ஒப்புக்கொண்டது. உலகத்தின் பெரிய உளவு அமைப்பின் பதிவைத் திருத்தியது ஒரு மனிதரின் பாக்கெட் நோட்டு. அந்தச் செய்தியைப் படித்த அன்று எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன்.

2014 மார்ச்சில் செனட் உளவுக் குழுவின் அப்போதைய தலைவர் டயான் ஃபைன்ஸ்டைன் செனட்டில் எழுந்து சொன்னதும் இதே இழையில்தான் வருகிறது. சிஐஏவின் தடுப்புக்காவல் திட்டத்தை ஆராய்ந்த குழு உதவியாளர்கள், சிஐஏ ஏற்பாடு செய்த கட்டிடத்தில் சிஐஏ கொடுத்த கணினிகளில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைப் படித்தார்கள். அந்தக் கணினிப் பகுதிக்குள் சிஐஏ ஆட்கள் நுழைந்து தேடினார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. ஜூலையில் சிஐஏவின் சொந்தத் தணிக்கை அதிகாரியே ஐந்து பேர் முறையற்று நுழைந்ததாகக் கண்டறிந்தார். இயக்குநர் ஜான் பிரென்னன் மன்னிப்புக் கேட்டார். கண்காணிப்பவர்களுக்கு மேசையும் கணினியும் கொடுப்பது கண்காணிக்கப்படுபவர் என்றால் இந்த ஆபத்து எப்போதும் இருக்கும்.

சிஐஏ ஆட்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த நாட்குறிப்புகளில் பொறுமையாக, நாணயமாக வேலை செய்தவர்களின் கை தெரிகிறது. "இதற்குப் பதில் எங்களிடம் இல்லை, விசாரித்துச் சொல்கிறோம்" என்று சொல்லி, அதைச் செய்தும் காட்டுகிற ஆட்கள். குழு உதவியாளர்களுக்கு அப்படி ஒருவர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நீங்களும் படிக்க நினைத்தால், சிஐஏவின் இணைய வாசிப்பறையில் அந்த ஜர்னல் தலைப்பை ஆங்கிலத்தில் அடித்துத் தேடுங்கள். 1974 நவம்பரில் ஒரு வாரம், 1975இல் ஒரு வாரம் எடுத்து அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள், எத்தனை தடவை என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள்.