டிஸ்னிலாண்டில் அப்பாவுக்கு ஒரு அமைதியான மேசை

விசுவமடுவில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஓகஸ்ட் மாதம் அப்பாவையும் கூட்டிக்கொண்டு பரிசில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன். அம்மப்பாவோடுதான் டிஸ்னிலாண்ட் போவோம் என்று தங்கச்சியின் பிள்ளைகளுக்குப் பிடிவாதம். இரண்டு நாளுக்கு ரிக்கெற்றும் எடுத்தாயிற்று. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. 2009இல் பக்கத்தில் ஷெல் விழுந்ததில் இடது காது பழுதாகி, இப்போது கருவி போடுகிறார். வலது காது பரவாயில்லை. சனம் கூடிய இடத்தில் சாப்பிட இருந்தால் பாதியில் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விடுவார். அங்கே அமைதியாக இருந்து சாப்பிட இடம் இருக்கிறதா? மாட்டிறைச்சி தொடமாட்டார். வெள்ளிக்கிழமை சைவம்."

இருக்கிறது. ஆனால் நாலு கடையின் பெயரை எழுதித் தந்தால் மட்டும் உங்கள் பிரச்சினை தீராது. பதினொன்றரைக்கு ஆள் அரவம் இல்லாத அதே கடை ஒரு மணிக்குச் சந்தையாகிவிடும். அதனால் முதலில் எந்த நேரம், பிறகு எந்த மேசை, கடைசியாகத்தான் எந்தக் கடை என்று பாருங்கள்.

அதற்கு முன் அப்பாவின் காதைப் பற்றிக் கொஞ்சம். "காது கேட்காத மனுசனுக்குச் சத்தம் என்ன செய்யும்?" என்று வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள். வெடி அதிர்வில் செவிப்பறை கிழிந்தால் அது ஆறலாம், ஒட்டியும் விடலாம். உட்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்க் கலங்கள் செத்தால் திரும்ப முளைக்காது. அப்படிப்பட்ட காதுக்கு மெல்லிய சத்தம் எட்டாது. ஒரு அளவைத் தாண்டியதும் முழுப் பலத்தோடு வந்து விழும், சிலருக்கு வலிக்கவும் செய்யும். இடையில் இருக்க வேண்டிய படிகளைக் காணோம். "கொஞ்சம் பலமாகக் கதை" என்றவர் அடுத்த நிமிடமே "ஏன் கத்துகிறாய்?" என்று ஏசுவது இதனால்தான். பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. எந்தச் சத்தம் எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்று மூளை பிரித்தறிவது இரண்டு காதையும் ஒப்பிட்டுத்தான். ஒரு காது குறைந்தவருக்குப் பேரப்பிள்ளையின் கதை, பக்கத்து மேசைச் சிரிப்பு, கரண்டி விழும் சத்தம் எல்லாம் ஒரே குவியலாகத்தான் கேட்கும். அதற்குள் இருந்து ஒரு குரலைப் பொறுக்கி எடுப்பது பெரிய வேலை. அரை மணி நேரத்தில் களைத்துப்போவார்.

உணவகத்துக்கும் தன் பங்கு இருக்கிறது. சுற்றுச் சத்தம் கூடினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள் என்று பிரெஞ்சு காது வைத்தியர் எத்தியேன் லொம்பார் 1911இலேயே எழுதிவைத்தார். ஒரு மேசை உயர்த்தினால் அடுத்த மேசையும் உயர்த்தும். தரையில் தளஓடு, மேலே உயர்ந்த கூரை, சுவரில் துணி எதுவும் இல்லை என்றால் அந்தச் சத்தம் போக இடமின்றி உள்ளேயே சுற்றும். கிளிநொச்சிப் பக்கக் கல்யாண மண்டபத்தில் பந்திக்கு இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சரி, நேரம். பிரான்சில் மதியச் சாப்பாடு பன்னிரண்டில் இருந்து இரண்டு மணி வரை. பூங்காவிலும் அந்த இரண்டு மணித்தியாலம்தான் மோசம். நீங்கள் கடை திறந்தவுடன் முதல் ஆட்களாக உள்ளே போங்கள். "பதினொன்றரைக்கு யாருக்குப் பசிக்கும்?" என்று தங்கச்சி கேட்பார். ஓகஸ்டில் பிரான்சுக்கும் நமக்கும் மூன்றரை மணித்தியால வித்தியாசம். அங்கே பதினொன்றரை என்றால் விசுவமடுவில் பின்னேரம் மூன்று மணி. ஊரில் இருந்து வந்து சில நாட்களே ஆன அப்பாவின் வயிறு அதற்கு முன்னமே கேட்கத் தொடங்கியிருக்கும். இந்த விடயத்தில் அவர்தான் உங்களுக்குத் துணை. இரவுக்கும் அதே கணக்கு, கடை திறக்கும் நேரமே நல்லது. இரண்டரைக்குப் பிறகு சாப்பிடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். ஆனால் மேசைக்குக் கொண்டுவந்து பரிமாறும் கடைகள் பல மதியத்துக்கும் இரவுக்கும் இடையில் மூடிவிடும், டிஸ்னிலாண்டின் போன் செயலியில் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஓகஸ்ட் முழுவதும் அங்கே பள்ளி விடுமுறை. ஆறுதலான நாள் என்று ஒன்று அந்த மாதத்தில் கிடையாது. ஆனாலும் சனி, ஞாயிறையும் பொது விடுமுறையான 15ஆம் திகதியையும் தவிருங்கள். செப்டெம்பரில் பள்ளி தொடங்கியதும் கிழமை நாட்களில் கூட்டம் குறையும்தான், ஆனால் பேரப்பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். அவர்கள் இல்லாமல் அப்பா எதற்கு அங்கே?

மேசை விடயத்தில் வெட்கப்படாமல் கேளுங்கள். "அன் குவான் கால்ம், சில் வூ ப்ளே", அதாவது அமைதியான மூலை ஒன்று, தயவு செய்து. தங்கச்சி கேட்டால் இன்னும் வடிவாகக் கேட்பார். சமையலறைக் கதவு, கோப்பை தட்டுகள் அடுக்கும் இடம், வாசல், ஸ்பீக்கருக்கு நேர்கீழே, இந்த நான்கும் வேண்டாம். மூலை கிடைத்தால் அப்பாவின் முதுகும் இடது தோளும் சுவர்ப் பக்கம் இருக்கட்டும். அவருடைய வலது பக்கம், நல்ல காதோடு ஒட்டினாற்போல், நீங்கள் இருங்கள். பிள்ளைகள் நேரே முன்னால். கதைப்பவர் பாதித் தூரம் கிட்ட வந்தால், குரலை உயர்த்தாமலே சத்தம் 6 டெசிபெல் கூடக் கேட்கும். ஆகவே எட்டுப் பேருக்கு நீட்டு மேசை போடாமல் நாலு நாலாகப் பிரிந்து இருப்பது நல்லது. மருமகன் மற்ற மேசையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

புதுக் கருவிகள் சிலவற்றில் முன்பக்கச் சத்தத்தை மட்டும் கூர்மையாகப் பிடிக்கும் ஒலிவாங்கி இருக்கும். அப்படியென்றால் கூட்டம் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்பார்கள். கருவியைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் பின்னால் ஒரு கதிரை இழுபட்டாலே தோள் துள்ளும் ஒருவர், முதுகை மண்டபத்துக்குக் காட்டிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடமாட்டார். என் கணக்கில் சுவரே மேல்.

இப்போது கடைகள். டிஸ்னிலாண்ட் பரிஸ் 1992இல் திறந்தது, பரிசுக்குக் கிழக்கே ஏறத்தாழ 32 கிலோமீற்றர். 2002இல் பக்கத்திலேயே இரண்டாவது பூங்கா வந்தது. நான் சொல்லப்போவது பெரும்பாலும் பழைய பூங்காவை. கவுன்ரரில் வாங்கித் தட்டோடு இடம் தேடும் கடைகள் மலிவு, ஆனால் அப்பாவுக்குச் சரிவராது. பூங்காவின் டிஸ்கவரிலாண்ட் பகுதியில் இருக்கும் கஃபே ஹைப்பீரியன் போன்றவை பெரிய மண்டபங்கள். இளவரசிகளும் மிக்கி மவுசும் மேசைக்கு மேசை வரும் கடைகளில், ஓபேர்ஜ் து சாந்திரியோன் அப்படி ஒன்று, பிள்ளைகள் கத்தாமல் இருந்தால்தான் அதிசயம். அது பிள்ளைகளுக்கு வேண்டுமென்றால் தாயும் தகப்பனும் கூட்டிப்போகட்டும், நீங்களும் அப்பாவும் அந்த நேரம் வேறு இடத்தில் இருங்கள். ஒரே குடும்பம் என்பதற்காக எல்லா வேளையும் ஒன்றாகத்தான் சாப்பிட வேண்டும் என்று இல்லை.

என் முதல் தெரிவு, வாசலில் இருந்து கோட்டைக்குப் போகும் மெயின் ஸ்ட்ரீட்டில் இருக்கும் வோல்ட்ஸ். மாடியில் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு அறைச் சத்தம் மற்ற அறைக்கு அவ்வளவாக வராது. தெருப் பக்க ஜன்னல் மேசை பார்க்க அழகு, ஆனால் ஊர்வலம் போகும் நேரம் அங்கே இருக்கக் கூடாது. உள்ளறை கேளுங்கள்.

கப்டன் ஜாக்ஸ் என்றொரு கடையைப் பலர் சிபாரிசு செய்வார்கள். கடற்கொள்ளையர் படகுச் சவாரியின் உள்ளேயே, தண்ணீர்க் கரையில், இரவு போல மங்கிய வெளிச்சத்தில் இருக்கும். காதலர்களுக்குச் சரி. உங்கள் அப்பாவுக்கு நான் சொல்லமாட்டேன். காது குறைந்தவர்கள் பாதியை உதட்டைப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்கிறார்கள், தமக்கே தெரியாமல். முகம் தெரியாத இருட்டில் அந்தப் பாதியும் போய்விடும். சவாரியின் உள்ளே பீரங்கிச் சண்டைக் காட்சியும் வருகிறது. பிள்ளைகள் ஏறட்டும், அப்பா வெளியே இருக்கட்டும். கோட்டைக்குக் கீழே குகையில் படுத்திருக்கும் இயந்திர டிராகனும் நினைத்திராத நேரம் உறுமும்.

ஃபுரொன்ரியர்லாண்ட் பகுதியில் சில்வர் ஸ்பர் என்ற கடை மரச்சுவரும் அடக்கமான வெளிச்சமுமாக நல்ல இடம்தான், ஆனால் அது மாட்டிறைச்சிக்குப் பெயர்போன கடை. பக்கத்து மேசை வாசமே அப்பாவை எழுப்பிவிடும்.

மதியம் கழிந்த வேளைக்கு எனக்குப் பிடித்தது பூங்காவுக்கு வெளியே, டிஸ்னி ஏரியைச் சுற்றி இருக்கும் ஹோட்டல்கள். தங்காதவர்களும் போய் இருக்கலாம். செக்கோயா லொட்ஜில் நெருப்படுப்போடு ஒரு பார் இருக்கிறது. எல்லோரும் பூங்காவுக்குள் வரிசையில் நிற்கும் பின்னேரம் மூன்று மணிக்குப் பெரிய அளவில் ஆள் இருக்காது. அப்பா ஒரு தேத்தண்ணியோடு சாய்ந்து இருக்கலாம். ரிக்கெற்றை வைத்துக்கொண்டால் அதே நாளில் திரும்பவும் பூங்காவுக்குள் வரலாம், பையைச் சோதிக்கும் வரிசையை மட்டும் கணக்கில் எடுங்கள். வாசலுக்கு வெளியே இருக்கும் டிஸ்னி வில்லேஜை அமைதிக்காகத் தேடாதீர்கள். அங்கே கடைக்குக் கடை பாட்டு.

ரயிலில் ஒரே ஒரு தரிப்பு முன்னால், வல் தெரோப் என்ற நிலையம். அங்கேயுள்ள பெரிய அங்காடிக்குள் போகாமல் பிளாஸ் து தொஸ்கான் என்ற சதுக்கத்துப் பக்கம் போங்கள். ஊர்ச் சனம் சாப்பிடும் கடைகள். பிரெஞ்சுக்காரர் இரவு எட்டு மணி போலத்தான் மேசைக்கு வருவார்கள், ஏழு மணிக்குப் போனால் விரும்பிய மூலை உங்களுடையது. தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். "யூன் கராஃப் தோ" என்றால் குழாய்த் தண்ணீர் ஒரு சாடியில் இலவசமாக வரும்.

வெள்ளிக்கிழமையாக இருந்தால் இந்தத் தேடலே வேண்டாம் என்பேன். பரிசில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் வாங்க முடியாத சாமான் இல்லை. தங்கச்சி காலையிலேயே இடியப்பமும் சொதியும், அல்லது புளிச்சாதமும் கட்டிவிடுவார். பூங்காவுக்குள் விரித்துவைத்துப் பந்தி போட விடமாட்டார்கள், ஆளுக்கு ஆள் சின்னப் பொதியைப் பொருட்படுத்துவதும் இல்லை. கண்ணாடிப் போத்தலும் பெரிய குளிர்ப்பெட்டியும் வேண்டாம். ஆறுதலாக இருந்து சாப்பிட வாசலுக்கு வெளியே, வாகனத் தரிப்பிடப் பக்கம், அதற்கென்று மேசை போட்ட இடம் இருக்கிறது. உள்ளே என்றால் மெயின் ஸ்ட்ரீட் கடைகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கூரை போட்ட நடைபாதைகள் ஓடுகின்றன, லிபர்ட்டி ஆர்கேட், டிஸ்கவரி ஆர்கேட் என்று. மழைக்கும் ஒதுங்கலாம், தெருவின் சத்தமும் பாதியாகக் குறையும்.

இரவுதான் எனக்குப் பயம். பூங்கா மூடும் நேரம் கோட்டையில் ஒளிக்காட்சியும் வாணவேடிக்கையும் நடக்கும். எங்கள் பக்கத்து மனிதருக்கு வானத்தில் வெடிக்கும் சத்தம் என்ன செய்யும் என்று நான் எழுதத் தேவையில்லை. பக்கத்து ஹோட்டல்களிலும் வில்லேஜிலும் அது கேட்கும், உணவகத்துக்குள் இருந்துவிட்டால் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். அன்றைய நேரத்தைச் செயலியில் பார்த்து, ஒரு மணித்தியாலம் முன்னாடியே அப்பாவை ரயிலில் ஏற்றிவிடுங்கள். பிள்ளைகள் பார்க்கட்டும், நீங்களும் அவரும் வல் தெரோப்பில் சாப்பிட்டுக்கொண்டு இருக்கலாம். காட்சி முடிந்து வெளியேறும் சனத்தோடு நெரிபடத் தேவையில்லை என்பது மேலதிக இலாபம். "என்ன நடக்கும், எப்போது நடக்கும்" என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மறைத்து வைத்துச் சமாளிக்கலாம் என்று மட்டும் பார்க்காதீர்கள்.

புறப்பட முன் ஊரிலேயே ஒரு ஒத்திகை பார்க்கலாம். கிளிநொச்சி நகரில் ஏ9 வீதியோரம் ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மதியம் ஒரு மணிக்கு அப்பாவைக் கூட்டிப்போங்கள். சத்தம் அளக்கும் செயலி ஒன்றை போனில் இறக்குங்கள். இலவசமாகவே கிடைக்கும், துல்லியம் இல்லாவிட்டாலும் ஒப்பிடப் போதும். சாதாரணமாகக் கதைப்பது 60 டெசிபெல் அளவு. முதலில் நடுமேசை, பிறகு மூலை. எந்த எண்ணில் அவருடைய முகம் மாறுகிறது என்று பாருங்கள், அதுதான் அவருடைய எல்லை. பரிசில் கடை வாசலில் நின்று போனை நீட்டினால் உள்ளே போவதா வேண்டாமா என்பது தெரிந்துவிடும். அந்த எண்ணைத் தங்கச்சிக்கும் அனுப்பிவிடுங்கள், மேசை பதிவு செய்யப்போவது அவர்தானே.

கருவி தந்த கிளினிக்கிலும் ஒரு தடவை காட்டுங்கள். பல கருவிகளில் இரைச்சலான இடத்துக்கென்று தனி அமைப்பு இருக்கும், யாரும் திறந்து காட்டியிருக்கமாட்டார்கள். எந்தப் பொத்தான் என்று அப்பாவே விரலால் பழக வேண்டும். பற்றரியின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, மேலதிகமாக ஒரு அட்டையைக் கைப்பையில் வையுங்கள். முடிந்துபோனாலும் பரிசில் மருந்துக்கடைகளில் அதே இலக்கத்தைச் சொல்லி வாங்கலாம்.