15 ஜிபிக்குள் எந்தக் கோப்புறைகளை ஏற்றுவது?

வணக்கம். கணினியில் 200 ஜிபி நிறைந்திருக்கிறது, கூகுள் டிரைவ் இலவசமாகத் தரும் 15 ஜிபிக்குள் எவற்றை ஏற்றலாம் என்று கேட்டிருந்தீர்கள். அந்த இடத்தை ஜிமெயிலும் பகிர்ந்துகொள்கிறது என்பதால் உண்மையில் கிடைப்பது இன்னும் குறைவு.

விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் இரண்டையும் தயங்காமல் விட்டுவிடுங்கள். அவற்றை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். மறுபடி உருவாக்கவே முடியாதவற்றுக்குத்தான் முதலிடம்: டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், பலரும் மறந்துவிடும் டெஸ்க்டாப். டவுன்லோட்ஸை முழுவதுமாக ஏற்ற வேண்டாம். ஆனால் மின்னஞ்சலில் வந்த சான்றிதழோ ரசீதோ அங்கேயே கிடக்கக்கூடும் என்பதால், ஒருமுறை பொறுமையாகப் பார்த்து, வேண்டியதை டாக்குமெண்ட்ஸுக்கு நகர்த்திவிடுங்கள். தண்டர்பேர்டு என்னும் மின்னஞ்சல் மென்பொருளைப் பயன்படுத்துவதாகச் சொன்னீர்கள். அதன் அஞ்சல்கள் ஆப்டேட்டா என்னும் மறைந்திருக்கும் கோப்புறையில், ரோமிங் என்பதன் கீழ் இருக்கின்றன. தண்டர்பேர்டை மூடிய பிறகே அதை நகலெடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒத்திசைவு (கணினியிலும் டிரைவிலும் கோப்புகளை எப்போதும் ஒன்றுபோல வைத்திருப்பது) வேறு, காப்பு நகல் வேறு. ஒத்திசைக்கப்படும் கோப்பைக் கணினியில் அழித்தால் டிரைவிலும் அது குப்பைத்தொட்டிக்குப் போய், 30 நாட்களில் அங்கிருந்தும் நீங்கிவிடும். ஆகவே குடும்பப் படங்களுக்கு வெளி வன்தட்டில் இன்னொரு நகலை அவசியம் வைத்துக்கொள்ளுங்கள்.