பிப்ரவரிப் புழுக்கத்தில் விதை போடலாமா? கேட்டவர்களுக்குப் பதில்

இலையுதிர் காலத்துக் காய்கறிக்கு விதை போட வேண்டியது தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்தப் புழுக்கமான பிப்ரவரியிலும் மார்ச்சிலும்தான். அதனால் வாரா வாரம் கேள்வி வருகிறது. என் தாத்தா உம்கேனி ஆற்றங்கரையில் ஸ்பிரிங்ஃபீல்டு பக்கம் காய்கறித் தோட்டம் போட்டவர். நான் சாட்ஸ்வொர்த்தில் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலத்தை முப்பது வருடமாகக் கிளறிக்கொண்டிருக்கிறேன். என் தகுதி அவ்வளவுதான்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): அண்ணா, லெட்டூஸ் விதை மூன்று தடவை போட்டும் ஒன்றுகூட வரவில்லை. கடைக்காரர் பழைய விதையைத் தள்ளிவிட்டாரா?

கடைக்காரரைத் திட்டாதீர்கள், விதை தூங்குகிறது. மண் 27, 28 டிகிரியைத் தாண்டினால் லெட்டூஸ் விதை ஈரத்தைக் குடித்துவிட்டு முளைக்காமல் அப்படியே கிடக்கும். நல்ல வெயில் நாளில் மேல்மண் நமக்குத் தெரிகிற காற்றைவிட இன்னும் எத்தனையோ டிகிரி அதிகமாகச் சுடும், கையை வைத்துப் பாருங்கள். விதை ஈரம் பட்ட முதல் சில மணி நேரம்தான் முக்கியம், அந்த நேரம் ராத்திரியாக இருக்கட்டும். அதாவது காலையில் போடாதீர்கள், சாயங்காலம் போட்டுத் தண்ணீர் விடுங்கள். இல்லையா, ஈரமான காகிதத் துண்டில் விதையைச் சுருட்டி ஒரு டப்பாவில் போட்டு இரண்டு மூன்று நாள் ஃபிரிட்ஜில் வையுங்கள், பிறகு எடுத்துத் தட்டில் நடுங்கள். மேலே மண்ணைக் கொட்டி மூடக்கூடாது, அந்த விதைக்கு வெளிச்சமும் வேண்டும், சும்மா தூவி விரலால் அழுத்தினால் போதும். எனக்கு இது பிடிபடவே பல வருடம் ஆயிற்று.

கேள்வி (டொங்காட்): கேரட் அங்கங்கே நாலு முளைத்து நின்றுவிட்டது அண்ணா. தினமும் காலையில் தண்ணீர் விடுகிறேனே?

காலையில் விட்டீர்கள், மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டது. கேரட் விதை முளைக்க ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரை எடுக்கும், நடுவில் ஒரே ஒரு நாள் மேல்மண் காய்ந்தாலும் முளைவிட்டது செத்துவிடும். டர்பனில் பெரியா மேட்டுப் பக்கத்துச் சிவப்பு மணலென்றால் இன்னும் மோசம், சல்லடை மாதிரி. எங்கள் தாத்தா காலத்து வழியைத்தான் சொல்லுவேன்: பாத்தியை முதல் நாளே நன்றாக நனைத்து, மறுநாள் சாயங்காலம் அரை அங்குல ஆழத்தில் விதைத்து, நனைத்த சாக்கைப் போட்டு மூடிவிடுங்கள். சாக்கின் மேலேயே பூவாளியால் காலை மாலை தண்ணீர். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பாருங்கள், பச்சை தெரிந்த அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். "நாளைக்கு எடுக்கலாம்" என்று விட்டால் நூல் மாதிரி வெளுத்து வளர்ந்து சாய்ந்துவிடும். அப்புறம், கேரட்டை நாற்று விட்டுப் பிடுங்கி நடாதீர்கள், கிழங்கு கவட்டையாகிவிடும்.

கேள்வி (வெருலம்): முட்டைக்கோஸ், காலிஃபிளவர் நாற்று நன்றாக முளைத்து ஒரே வாரத்தில் அடித்தண்டு அழுகி விழுந்துவிட்டது.

நெருக்கமாகத் தூவி, நிழலில் வைத்து, ராத்திரி தண்ணீரும் விட்டிருப்பீர்கள். நம்ம ஊர் ஈரக்காற்றுக்கு இந்த மூன்றும் சேர்ந்தால் பூஞ்சைக்கு விருந்து. முளைக்கிற வரைக்கும்தான் முழு நிழல். முளைத்ததும் காலை வெயில் படட்டும், மத்தியானத்துக்கு மட்டும் நிழல்வலை, தண்ணீர் காலையில். தோட்டத்து மண்ணை அப்படியே தட்டில் அள்ளிப் போடாதீர்கள், புதிதாக நாற்றுக் கலவை வாங்குங்கள். நான்கைந்து இலை வந்ததும், அதாவது ஐந்து வாரம் போல, மேகமூட்டமான நாள் பார்த்து நடுங்கள். வெட்டுப்புழு இருந்தால் தண்டைச் சுற்றி அட்டை வளையம். காலிஃபிளவரைவிட முட்டைக்கோஸ் பொறுமைசாலி, புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதையே போடுங்கள்.

கேள்வி (லெனேசியா, ஜோஹன்னஸ்பர்க் பக்கம்): நாங்களும் மார்ச்சில் போடலாமா?

வேண்டாம் தங்கச்சி. டர்பன் கடற்கரையில் உறைபனியே கிடையாது, அதனால் நாங்கள் சோம்பேறித்தனம் பண்ணலாம். உங்கள் மேட்டுநிலத்தில் மே மாதமே பனி இறங்கிவிடும். அதற்குமுன் செடி தேறியிருக்க வேண்டும், அதனால் முட்டைக்கோஸ் நாற்று ஜனவரிக் கடைசியிலேயே, கேரட், பீட்ரூட் பிப்ரவரிக்குள். பீன்ஸ் பனியைத் தாங்காது, அதைப் பிப்ரவரி முதல் வாரத்தோடு நிறுத்திவிடுங்கள். பட்டாணிச் செடி குளிரைத் தாங்கும், பூ தாங்காது.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): கொத்தமல்லிக்குத் தனியா விதை போட்டால் கறிக்குக் கிள்ளுவதற்குள் பூத்துவிடுகிறதே அங்கிள்!

கோடையில் அப்படித்தான். வெயிலும் நீண்ட பகலும் அதைப் பூக்க விரட்டும். கொஞ்சமாய்ப் போட்டு மார்ச் நடுவில் மறுபடி தொடங்குங்கள், அப்போதிலிருந்து ஆகஸ்ட் வரை நிம்மதி. உருண்டையைச் சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து, ராத்திரி ஊறவைத்துப் போடுங்கள், உள்ளே இருப்பது இரண்டு விதை. இப்போதே கீரை வேண்டுமென்றால் வெந்தயம் போடுங்களேன், நாலு நாளில் முளைத்து நிற்கும்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): ஊரிலிருந்து வந்த பாக்கெட்டில் "செப்டம்பரில் விதைக்கவும்" என்று இருக்கிறது.

அது பூமியின் வடக்குப் பாதியின் கணக்கு. ஆறு மாதம் தள்ளிக்கொள்ளுங்கள், மார்ச்.

கேள்வி (ரிசர்வாயர் ஹில்ஸ்): விதையெல்லாம் சரியாக வருகிறது, குரங்கு விடவில்லையே!

இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆஞ்சநேயர் என்று கும்பிட்டுவிட்டு மறுபடி நடுகிறவர்களும் உண்டு, எங்கள் வீட்டம்மா அந்தக் கட்சி. நான் பாத்திமேல் பிளாஸ்டிக் குழாயை வளைத்து நட்டு, வலையை இறுக்கிக் கட்டி, ஓரத்தைச் செங்கல்லால் அழுத்திவிடுகிறேன். தளர்ந்திருந்தால் தூக்கிவிடும். புதிதாக நட்ட நாற்றைத் தின்பதற்காக அல்ல, சும்மா பிடுங்கிப் பார்க்கத்தான் வருகிறது, அதனால் முதல் மூன்று வாரம் வலை முக்கியம். வெங்காயத்தை மட்டும் என் தோட்டத்தில் இதுவரை தொட்டதில்லை. அதற்கு விதை மார்ச்சில், பகல் நீளம் குறைவாக இருந்தாலும் கிழங்கு கட்டுகிற குறும்பகல் ரகமாகப் பார்த்து வாங்குங்கள்.