ஆய்வக அனுமதியில் நிலப்பயன் சிக்கல்

சென்னைப் பெருநகர்ப் பகுதியில் குடிநீர்ப் பரிசோதனை ஆய்வகமும் அலுவலகமும் கட்ட அனுமதி கேட்ட உங்கள் விண்ணப்பம் திரும்பிவிட்டது, வரைபடத்தைத் திருத்தி அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். வரைபடத்தைத் திருத்தி மீண்டும் பதிவேற்றுவதால் பயனில்லை. 'நிலப்பயன்பாடு பொருந்தவில்லை' என்று திரும்பிய விண்ணப்பத்தில் முதலில் பார்க்க வேண்டியது நிலத்தின் புல எண் (சர்வே எண்).

எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று மண்டலங்களாக வகுக்கும், சென்னைப் பெருநகருக்கான இரண்டாம் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2008-இல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் மனையோ 2015-இல்தான் உட்பிரிவானது என்கிறீர்கள். அப்படியானால் பட்டாவில் 112/3ஏ2 என்றிருக்கும் நிலம், திட்ட வரைபடத்தில் வெறும் 112/3 என்றே இருக்கக்கூடும். புதிய எண்ணை மட்டும் கொடுத்தால் மண்டலம் சரியாகப் பொருந்தாமல் போகலாம்.

1. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) இணையதளத்தில் கிராமத்தின் பெயரையும் பழைய எண்ணையும் கொடுத்து, எந்த மண்டலம் என்று பாருங்கள்.

2. அந்த மண்டலம் ஆய்வகத்துக்குப் பொருந்தினால், உட்பிரிவு ஆணையையும் புலப்பட (நில அளவை வரைபட) நகலையும் இணைத்து, பழைய எண், புதிய எண் இரண்டையும் குறிப்பிட்டு விளக்கம் அளியுங்கள். வெறும் 'ஆய்வகம்' என்று எழுதாமல், 'குடிநீர்ப் பரிசோதனை ஆய்வகமும் அலுவலகமும்' என்றே எழுதுங்கள். பொத்தாம்பொதுவான சொல்லைத் தொழிற்சாலை என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு.

மனை உண்மையிலேயே முதன்மைக் குடியிருப்பு மண்டலத்தில் இருந்தால் இவ்வழி உதவாது. நிலப்பயன் மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். கட்டடம் 18.30 மீட்டரைத் தாண்டினால் உயரடுக்குக் கட்டட விதிகளும் சேர்ந்துகொள்ளும் என்பதால், உயரத்தையும் இப்போதே பொறியாளரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.