வாடை இல்லாத மயக்கம்

கேள்வி: என் வயது 46. திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். சென்ற மாதம் காலை ஏழரை மணிக்கு மகளை டியூஷனில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, காலி ரோட்டில் ஸ்கூட்டியோடு மீடியனில் மோதி விழுந்துவிட்டேன். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் எல்லார் முன்னாலும், "குடிச்சிருக்கீங்களா? மாத்திரை ஏதாவது போடுவீங்களா?" என்று கேட்டார். கூனிக் குறுகிப் போனேன். என் கணவர் குடிப்பவர். இரண்டு வருடம் முன்பு அவர் வண்டியோடு விழுந்தபோது கேட்டார்கள், அது நியாயம். அந்த வாடையே பிடிக்காத என்னிடம் கேட்கலாமா? "இல்லை" என்று சொல்லிவிட்டேன். அம்மா இறந்த சமயத்தில் தூக்கத்துக்கு எழுதிக்கொடுத்த அல்பிரசோலம் 0.5 மாத்திரையை மூன்று வருடமாகத் தினமும் ராத்திரி போடுகிறேன். அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: சொல்லியிருக்க வேண்டும், சகோதரி. நாலு பேர் முன்னால் உரக்கக் கேட்டது தப்பு, அதில் உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கேள்வி தப்பில்லை. இந்தக் கேள்வியைப் பெண்களிடம் பெரும்பாலும் யாரும் கேட்பதே இல்லை என்பதுதான் பல வருடம் விபத்துப் பிரிவில் வேலை பார்த்த என் ஆதங்கம்.

விபத்தில் அடிபட்டு வருபவரை ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் பதியும்போது 'மது வாடை உண்டு, இல்லை' என்று எழுதுவோம். ஆண்கள் பக்கத்தில் 'உண்டு' அடிக்கடி வரும், பெண்கள் பக்கத்தில் அபூர்வம். அதில் நிஜமும் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 சதவீதம் பேர் மது அருந்துவதாகச் சொன்னார்கள். பெண்களில் 0.3 சதவீதம்தான். சரி, அதனால் பெண்கள் எல்லாரும் தெளிவாகத்தான் வண்டி ஓட்டுகிறார்களா? மாத்திரைக்கு வாடை கிடையாதே. போலீஸ் ஊதச் சொல்லும் கருவியும் மதுவை மட்டும்தான் காட்டும். தூக்க மாத்திரையோடு ஊதினால் பூஜ்யம்தான் வரும்.

ஐரோப்பாவில் 2006 முதல் 2011 வரை டிரூயிட் என்று ஒரு பெரிய ஆய்வுத் திட்டம் நடந்தது. ஓட்டுநர்களின் ரத்தத்தையும் உமிழ்நீரையும் பரிசோதித்தார்கள். சட்டவிரோத போதைப்பொருள் பெரும்பாலும் இளம் ஆண்களிடம் இருந்தது. தூக்கம், பதற்றம் இவற்றுக்கான மருந்துகள் பெரும்பாலும் வயது கூடிய பெண்களிடம் இருந்தன. ஆளுக்கு ஆள் பொருள் மாறுகிறதே தவிர, மந்தமாகும் மூளை ஒன்றுதான்.

என் நினைவில் நிற்கும் ஒரு பெண்மணி உண்டு. மொபெட்டில் இருந்து விழுந்தவர். நெற்றியில் தையல் போட்டு முடித்த பிறகும் கண் செருகிக்கொண்டே இருந்தது. தலைக்குள் ரத்தக்கசிவோ என்று பயந்து ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை. அவருடைய சுருக்குப் பையில் காசு எடுக்கப்போன மகள்தான் தூக்க மாத்திரை அட்டையைக் கண்டுபிடித்தாள். பத்து மாத்திரை அட்டை, கத்தரியால் இரண்டு இரண்டாக வெட்டியது, மிச்சம் ஒன்று. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அதை முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த ஒரு மணி நேரத் தவிப்பு இருந்திருக்காது. அதைவிட முக்கியம், அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது சில வலி ஊசிகளும் மயக்க மருந்தும் மூச்சையே மட்டுப்படுத்திவிடும். நர்ஸ் கேட்டது அதற்காகத்தான்.

உங்கள் விபத்துக்கு மாத்திரைதான் காரணம் என்று இங்கிருந்து நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். அல்பிரசோலத்தில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக 11 மணி நேரம் ஆகும். ராத்திரி வேலையெல்லாம் முடித்துப் பதினொன்றரைக்குப் போட்டிருந்தால், காலை ஏழரைக்குப் பாதிக்கும் மேல் உள்ளே இருக்கிறது. விழித்துவிட்டோம், காபி குடித்துவிட்டோம், தெளிவாகத்தான் இருக்கிறோம் என்று தோன்றும். பிரேக் பிடிக்கும் கை மட்டும் ஒரு நொடி பிந்தும்.

சொல்பிடெம் என்ற இன்னொரு தூக்க மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். 10 மில்லிகிராம் போட்டு 8 மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, வண்டி ஓட்டுவதற்கு இடைஞ்சலான அளவு மருந்து பெண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் இருந்தது. ஆண்களில் 3 சதவீதம்தான். அதனால்தான் 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான அளவை 5 மில்லிகிராமாகப் பாதியாக்கியது. அந்த மருந்து விற்பனைக்கு வந்து இருபது வருடம் கழித்துத்தான் இது நடந்தது! சளிக்கும் அரிப்புக்கும் போடும் அவில் மாத்திரைகூட நன்றாகவே மந்தமாக்கும், நினைவில் வையுங்கள்.

உங்கள் கணவர் விஷயமும் இதில் வருகிறது, ஏனென்றால் பின்சீட்டில் உட்காருவது நீங்கள். 42.8 சதவீத மதுவில் இரண்டு குவார்ட்டர் ராத்திரி பதினொன்றுக்கு முடித்தவருக்கு, மறுநாள் காலை பத்து மணிக்கும் 100 மில்லி ரத்தத்தில் சட்டம் அனுமதிக்கும் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்கக்கூடும். காலையில் குளித்து, பொட்டு வைத்துக்கொண்டு வந்தாலும் அவர் வண்டியில் ஏறாதீர்கள். அவருக்கு விருப்பம் வரும்போது 14446 என்ற மதுமீட்பு உதவி எண் இருக்கிறது.

அப்புறம் ஒன்று. இதைப் படித்துப் பயந்து இன்று ராத்திரியே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மூன்று வருடம் போட்ட உடம்பு திடீரென்று நிறுத்தினால் பதற்றம், கை நடுக்கம், சிலருக்கு வலிப்பே வரும். மனநல மருத்துவரைப் பார்த்து வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு உண்டு. முதலில் போனில் பேச வேண்டுமென்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழைக்கலாம். அம்மா போன துக்கம் இன்னும் தூங்கவிடவில்லை என்றால் அதையும் அவர்களிடம் சொல்லுங்கள். அதற்கு மாத்திரை இல்லாத வழிகளும் இருக்கின்றன. குறைத்து முடிக்கும்வரை மகளை ஆட்டோவிலோ பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடோ டியூஷனுக்கு அனுப்புங்கள்.

கட்டுப் பிரிக்கப் போகும் நாளில் அந்த மாத்திரை அட்டையும் பையில் இருக்கட்டும். எலும்பு டாக்டரிடம் முதலில் அதைக் காட்டிவிட்டு, பிறகு கையைக் காட்டுங்கள்.